சாசரில் வைத்த கள்ளன்

துப்பாக்கி கைக்கு வந்ததும் அகத்தா முதலில் அதைத் திறந்து பார்ப்பாள், உள்ளே தோட்டா இருக்கிறதா என்று. இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் சுண்டுவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள். பிறகு மூக்கருகே கொண்டுபோய், டுரியான் பழம் வாங்க வந்தவள் போலக் கண்ணை மூடிக்கொள்வாள்.

"மழையில நனைஞ்ச வாசம் வருதே அண்ணே. தொடைக்காம அப்படியே அலமாரியில படுக்கப் போட்டீங்களா?" என்பாள். அல்லது, "இது மிஷின் எண்ணெய் இல்ல. வீட்டுல வடை சுட்ட மிச்சம்."

கொண்டுவந்தவர் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார்.

கூலிம் கடைத்தெருவில், ஒரு காப்பிக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்தத் துப்பாக்கிக் கடை. முன்பக்கம் கம்பி போட்ட கவுண்டருக்குப் பின்னால் சீனத் தௌக்கே, கடை முதலாளி. தூண்டில், டார்ச் லைட், பாராங் கத்தி உறை எல்லாம் அவரைச் சுற்றித் தொங்கும். பின்பக்கம், கொல்லைக் கதவை ஒட்டி, அகத்தாவின் மேசை. வேலை பெரும்பாலும் காட்டுப் பன்றிக்கும் குரங்குக்கும் லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கும் தோட்டக்காரர்களின் நீளத் துப்பாக்கிகள்தான். கைத்துப்பாக்கி எப்போதாவது வரும்.

இதற்கு முன்னால் அகத்தா லூனாஸில் ஒரு சட்டை ஃபேக்டரியில் தையல் மிஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபேக்டரியை மூடியபோது, தௌக்கேயின் மனைவியுடைய பழைய தையல் மிஷினைச் சரிசெய்ய இந்தக் கடைக்கு வந்தாள். வந்தவள் பின்பக்கம் பிரித்துக் கிடந்த ஒரு துப்பாக்கியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இந்த ஸ்பிரிங்கைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க தௌக்கே," என்றாள். அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். லைசென்ஸ், போலீஸ் விசாரணை எல்லாம் பிறகு நடந்தது. "தையல் மிஷினும் இதுவும் ஒரே குடும்பம்தான்லா," என்பாள் கேட்பவர்களிடம். "ஒரு சாமான் வந்து நிக்கிற நேரத்துக்கு இன்னொரு சாமான் கரெக்டா வந்து சேரணும். சேரலன்னா அங்க நூலு அறும், இங்க வெடிக்காது. அவ்ளோதான்."

கழற்றிய திருகாணிகளைக் குவே பாவுலு என்கிற குட்டிக் கேக் சுடும் பித்தளை அச்சில் போட்டு வைப்பாள். ஒரு பூக்குழிக்கு ஒரு திருகாணி, கழற்றிய வரிசையிலேயே. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது மட்டும் அந்த அச்சு லூனாஸுக்கு, அவள் வீட்டு அடுப்புக்குப் போய்வரும். கடையில் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள மாட்டாள். பழுது பார்த்ததைக் கொல்லையில் மணல் நிரப்பிய பீப்பாய்க்குள் சுட்டுப் பார்க்கும்போது தௌக்கே கவுண்டரில் இருந்தபடியே தோளைக் குறுக்கிக்கொள்வார். அவளுக்கு இமைகூட அசையாது. காலில் எப்போதும் ஜப்பான் சிலிப்பர், ஒரு சைஸ் பெரிதாக. வீட்டுக்காரர் மரியராஜுடைய பழைய சிலிப்பர் என்று தௌக்கே கேலி செய்வார். அவள் மறுத்ததில்லை.

ஆனால் அகத்தாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது சாசரைத்தான்.

பக்கத்துக் காப்பிக்கடையில் இருந்து எப்போதோ வந்து, திரும்பிப் போகாத சாசர் அது. தடித்த வெள்ளைப் பீங்கான், பச்சைப் பூ விளிம்பு, ஓரிடத்தில் சில்லு பெயர்ந்தது. துப்பாக்கிக்குள் பழுதுக்குக் காரணமாக இருந்தது எதுவோ அதை அகத்தா அந்தச் சாசரில் எடுத்து வைப்பாள். அதற்கு அவள் வைத்த பெயர் கள்ளன். ஒடிந்த ஸ்பிரிங்கின் முனை, குளவி கட்டிய மண், ஒருமுறை ஒரு முழு அரிசி. சொந்தக்காரர் வந்ததும் துப்பாக்கிக்கு முன்னால் சாசரைத்தான் நீட்டுவாள். "இந்தாங்க, இவன்தான் கள்ளன். நல்லா மூஞ்சியப் பாத்துக்குங்க." கள்ளனைக் காட்டாமல் அவள் ஒரு துப்பாக்கியையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

புக்கிட் செலம்பாவ்க்காரர் ஒருவர் டுரியான் கொல்லைக் குடிசையில் வைத்திருந்த துப்பாக்கியை, அடிக்கட்டைக்குள் ஏதோ கடகடவென்கிறது என்று கொண்டுவந்தார். திரும்ப வாங்க வந்தபோது மனைவியும் கூட வந்திருந்தார். சாசரில் ஒரு தோட்டுத் திருகு இருந்தது. சின்னது, சிவப்புக் கல் வைத்தது. மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "இது என்னுது இல்லையே," என்றார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த முறை அந்த ஆள் தனியாக வந்தார். இப்போதும் தனியாகத்தான் இருக்கிறாராம். தௌக்கே இதைச் சொல்லி அவளைத் திட்டியபோது அகத்தா, "நானா வெச்சேன்? அங்க இருந்துச்சு, எடுத்துக் காட்டினேன்," என்றாள்.

போன மாதம் ஒரு காலையில் பழனியாண்டி சார் வந்தார்.

ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். நெற்றியில் சந்தனம், வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. கூட வந்தவர் குணசுந்தரி டீச்சர், செர்டாங் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. சார் ஒரு துண்டைப் பிரித்தார். உள்ளே ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கி வைக்கிற ரிவால்வர் இருந்தது. குழல் அடைத்தது, குண்டில்லாத தோட்டாவைப் போட்டால் சத்தமும் புகையும் மட்டும் வரும். லைசென்ஸ் சாரின் பேரில். அந்த வட்டாரப் பள்ளிகளின் விளையாட்டுப் போட்டி எதுவானாலும் சாரும் அந்த ரிவால்வரும் போய்விடுவார்கள்.

"என்ன செய்யுது சார்?"

"மக்கர் பண்ணுதும்மா."

மிச்சத்தை டீச்சர் சொன்னார். "நேத்து ஒத்திகை. மொத ஓட்டத்துக்கு நல்லாத்தான் வெடிச்சுது. அடுத்ததுக்குப் பிள்ளைங்க குனிஞ்சு நிக்குதுங்க. சார் கையத் தூக்கிட்டு நிக்கிறாரு, நிக்கிறாரு, சத்தமே இல்ல. ஒரு பிள்ளை தாங்க முடியாம அப்படியே மூக்கு குத்தி விழுந்துருச்சு. ஒரே சிரிப்பு. பேரன்ட்ஸெல்லாம் போன்ல எடுத்து குரூப்ல போட்டுட்டாங்க."

"அப்புறம்?"

"ஆபீசுக்கு வந்து தோட்டாவையெல்லாம் எடுத்துட்டு நான் இழுத்துப் பாத்தேன். நல்லா இழுக்குது. தோட்டக்கார அண்ணன் இழுத்தாரு, நல்லா இழுக்குது." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் கேட்டது. "சாருக்கும் வயசாவுதுல்ல. விரல்ல அந்தப் பலம் இருக்குமா? நான் ஒரு மிஷின் வாங்கி வெச்சிருக்கேன். பட்டன அமுக்கினா வெடிச் சத்தம் வரும். சனிக்கிழமை போட்டி. இது சரியா இருக்குன்னு நீங்க சொன்னா, குறை இதுல இல்லன்னு அர்த்தம். நான் மிஷினை வெச்சுப் பாத்துக்குவேன்."

சார் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குத் தேவைப்படாத துப்பாக்கிக்கு அடுத்த ஆண்டு லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டியதுதான்.

தௌக்கே ரிவால்வரை எடுத்து வெறுமனே இழுத்தார். கிளிக், கிளிக், கிளிக். உருளை அழகாகச் சுற்றியது. "பாகூஸ் லா! நல்லா இருக்கு, ஒண்ணும் ரோசாக் இல்லை!" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஒவ்வொரு கிளிக்குக்கும் சாரின் முகம் ஒரு சுற்றுச் சிறுத்தது.

டீச்சர் போட்டிக்கு வேண்டிய ரிப்பனும் கோப்பைகளும் வாங்கி வரக் கிளம்பினார். லைசென்ஸ்காரர் என்பதால் சார் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார், தொப்பியை மடியில் வைத்து.

அகத்தா ரிவால்வரைத் திறந்தாள், தடவினாள், மோந்தாள். வெடிமருந்து. தையல் மிஷின் எண்ணெய். மூன்றாவதாக ஒரு வாசனை, கோயிலுக்குள் நுழைந்ததுபோல. அது சாரின் நெற்றியில் இருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கை அந்தப் பிடியின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிடியின் ஒரு பக்கம் கறுத்த மரம். மறுபக்கம் யாரோ ரப்பர் மரத்தில் செதுக்கி ஒட்டவைத்த வெளிர்த் துண்டு. சார் துணியைப் பிரித்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதைக் கீழே இருந்து பார்த்திருக்கிறாள், வானத்தைப் பின்னால் வைத்து.

அவள் சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடத் திடலான பாடாங் ரப்பர் தோட்டத்து ஆபீசுக்குப் பின்னால் இருந்தது. விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாளே சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுவிடுவார்கள். இரவு மழை பெய்தால் விடிகாலையில் அப்பாக்கள் வாளியோடு போய் மறுபடியும் போடுவார்கள். போட்டியன்று மட்டும் பால்வெட்டு சீக்கிரம் முடியும். இன்னொரு வாளியில் சிவப்புச் சிராப் சர்பத்தில் ஐஸ் கட்டி மிதக்கும். அகத்தாவுக்கு நூறு மீட்டர். வெறுங்கால். குனிந்தால் மூக்குக்கு நேராகச் சுண்ணாம்பு நெடியும் நசுங்கிய புல்லின் வாசமும். பக்கத்தில் வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர், அன்று மெலிந்து மீசையோடு, கையைத் தூக்கியிருப்பார். 'கோட்டுக்கு வா', 'தயார்' என்று அவர் மலாயில் சொல்லும் இரண்டு வார்த்தைக்கும் வெடிக்கும் இடையில் ஒரு மௌனம் வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதன் நீளம் வேறு. முந்தி ஓடப் பார்ப்பவர்களை அவர் அதில்தான் பிடிப்பார். அந்த மௌனத்தில் ஐஸ் வண்டிக்காரரின் மணிகூடக் கேட்காது. அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையில் எவ்வளவோ சத்தங்கள் வந்துபோயின, ஃபேக்டரி சங்கு, பிள்ளைகளின் அழுகை, இந்தக் கொல்லையில் வெடித்த எத்தனையோ வெடிகள். அந்த அளவுக்கு முழுசாக யாரும் அவளைக் காத்திருக்க வைத்ததில்லை.

சாருக்கு அவளைத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

"சார், மொத வெடிக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"வழக்கம்போலத்தான். போன போட்டியில சுட்ட காலித் தோட்டா உள்ள இருந்துச்சு. குழலக் கீழ பாத்துப் புடிச்சு, கம்பிய அமுக்கி, தட்டிக் கொட்டினேன். புதுசு போட்டேன்."

"கீழ பாத்தா?"

"ஆமா."

அகத்தா மேசை இழுப்பறையைத் திறந்தாள். சுட்டு முடித்த காலித் தோட்டாக்கள் ஆறை எடுத்துப் போட்டு உருளையை மூடினாள். விசையை இழுத்தாள். ஒன்று சுற்றியது. அடுத்தது பாதியில் நின்றது. விரலுக்குக் கல்லை இழுப்பதுபோல் இருந்தது.

"சார், இங்க வாங்க. நீங்க இழுங்க."

அவர் இழுத்தார். நின்றது. கவுண்டரில் இருந்த தௌக்கேயைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னாள். தௌக்கேயின் முகம் சிவந்தது. "அலாமாக்! கெராஸ் லா, ரொம்ப இறுக்கம்," என்று கையை உதறிக்கொண்டார்.

"வெறும் டிரம்மு சுத்தும், தோட்டா போட்டா சுத்தாது," என்றாள் அகத்தா. "அப்போ தோட்டாவோட பின்பக்கம் எங்கயோ உரசுது. உங்க விரல்ல ஒண்ணும் இல்ல சார்."

சார் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

பழைய நாளிதழில் ஒரு கீற்றுக் கிழித்து, தோட்டாக்களின் பின்பக்கத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் விட்டுப் பார்த்தாள். ஒரு பக்கம் காகிதம் வழுக்கிக்கொண்டு போனது. மறுபக்கம் கடித்துக்கொண்டது. உருளையைத் திறந்து, விளக்கை இழுத்து வைத்து, கம்பியை மெல்ல அமுக்கினாள். காலித் தோட்டாக்களைத் தள்ளி வெளியேற்றுகிற தகடு ஒன்று உருளையின் பின்புறத்தில் உண்டு, நட்சத்திர வடிவில். அது மேலே எழும்பியது. அதன் அடியில், ஒரு மூலையில், வெளிர் மஞ்சளாக என்னவோ ஒட்டியிருந்தது. மிளகில் பாதிதான் இருக்கும். அதன் மேல் ஏறி உட்கார்ந்த நட்சத்திரம் ஒரு பக்கம் தூக்கலாக நின்று, தோட்டாக்களையும் தூக்கி வைத்திருந்தது.

பல் துலக்கும் பிரஷால் தட்டினாள். அசையவில்லை. ஊசி முனையால் நெம்பினாள். பெயர்ந்து சாசரில் விழுந்தது. கூடவே இன்னும் சில பொருக்குகள். ஒன்றில் செக்கச் சிவப்பாக ஒரு புள்ளி. அகத்தா சாசரை மூக்கருகே கொண்டுபோனாள். சாரின் நெற்றியைப் பார்த்தாள். மறுபடியும் சாசரைப் பார்த்தாள்.

"சார், ஆயுத பூஜைக்கு இதை எடுத்து வெப்பீங்களா?"

"வெக்காம? வருசம் தவறாம வெப்பேன்." அவருக்குக் குரல் வந்துவிட்டது. "எண்ணெய் போட்டு, தொடைச்சு, டிரம்மத் திறந்து, ஆறு ஓட்டைக்கும் பக்கத்துல ஆறு பொட்டு. சந்தனம், மேல குங்குமம். பாக்க அப்படியே முருகன் மாதிரி இருக்கும்மா."

"இந்தத் தடவை என்ன சந்தனம் சார்?"

"பாக்கெட்டுத் தூளு. முன்ன வீட்டுக்காரம்மா கல்லுல ஒரசிக் குடுக்கும். இப்ப யாரு இருக்கா?"

"ஒரசின சந்தனம் காஞ்சா உதிர்ந்துரும் சார். பாக்கெட்டு சந்தனத்துல பசையப் போட்டு வெச்சிருக்கான், சிமெண்டு மாதிரி புடிச்சுக்கிச்சு. இத்தன நாளா மேல ஒட்டிக்கிட்டு இருந்துருக்கு. நேத்து நீங்க கீழ பாத்துத் தட்டினீங்கள்ல, பேர்ந்து நட்சத்திரத்துக்கு அடியில போய் உக்காந்துருச்சு."

சார் எழுந்து வந்து சாசரைக் குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அப்ப நான்தான்," என்றார்.

அகத்தா நட்சத்திரத்தைத் துணியால் துடைத்தாள், உருளையின் ஆறு துளைகளிலும் பிரஷை விட்டாள், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மிச்சத்தை ஒற்றி எடுத்தாள்.

"விரல்னு சொன்னாங்க. விரல் இல்லன்னா மண்டைன்னு சொல்லுவாங்க. துப்பாக்கிக்குப் பொட்டு வெச்ச கெழவன்னு குரூப்ல போடுவாங்க," என்றார் சார், ஸ்டூலைப் பார்த்து. "பிள்ளைங்க எங்கிட்டயா ஓடுதுங்க? சத்தத்துக்குத்தான் ஓடுதுங்க. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் அங்க நிக்கணும்மா."

"அடுத்த வருசம் பெட்டிக்கு மேல வைங்க சார். உள்ள வேணாம். முருகன் கோவிச்சுக்க மாட்டாரு."

முன்பக்கத்தில் டீச்சரின் குரல் கேட்டது. தௌக்கே கம்பிக் கதவைத் திறந்துவிட்டார். அகத்தா மேசையில் ஆறிப்போயிருந்த தன் தேநீர்க் கிளாஸை எடுத்து, சாசருக்கு நடுவில், பொருக்குகளின் மேல் வைத்தாள். கிளாஸின் அடியில் ஏதோ நொறுங்கும் மெல்லிய சத்தம் வந்தது.

"என்ன, சரியா இருக்குல்ல?" என்றார் டீச்சர். கை நிறைய பிளாஸ்டிக் கோப்பைகள்.

"சரியா இல்ல டீச்சர். சரியா இருந்திருந்தா நேத்து ரெண்டாவதும் வெடிச்சிருக்கும். தோட்டா போட்டா தௌக்கேயாலேயே இழுக்க முடியல. நட்சத்திரத்துக்கு அடியில ஒரு துகள் மாட்டிக்கிச்சு. எடுத்தாச்சு. சார் விரலுக்கு ஒண்ணும் இல்ல."

டீச்சர் மேசையை நோட்டம் விட்டார். "நீங்க கள்ளனக் காட்டுவீங்களாமே? குரூப்ல ஒருத்தர் சொன்னாரு. எங்க அவன்?"

முன்பக்கத்தில் தௌக்கே கணக்குத் தட்டுவதை நிறுத்திவிட்டார். அகத்தா கிளாஸை எடுக்காமலே அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஓடிட்டான் டீச்சர்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. "அதெல்லாம் சரி. நான் கண்ணால பாக்கணும். சாரே சுடட்டும். ஒண்ணு போதாது, ரெண்டு. நேத்தும் ரெண்டாவதுதான் மக்கர் பண்ணுச்சு."

கொல்லைக்குப் போனார்கள். முன்தினம் பெய்த மழையில் சிமெண்டுத் தரை இன்னும் ஈரமாக இருந்தது. மதிலோரம் மணல் பீப்பாய். சார் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டார், இந்த முறை குழலை மேலே பார்த்துப் பிடித்து. அகத்தா அவருக்கு இரண்டடி பின்னால், பக்கவாட்டில் நின்றாள். பீப்பாய்க்குள் சுட வேண்டும் என்று அவள் சொல்வதற்குள் அவர் கை தானாக வானத்துக்குப் போய்விட்டது. குண்டில்லாததுதானே என்று விட்டுவிட்டாள்.

வெறுமனே சுட அவருக்குத் தெரியவில்லை.

"கெ காரிசான்," என்றார், எதிரே யாரோ இருப்பதுபோல. "செடியா."

வெடித்தது. மதில் மேல் இருந்த மைனா பறந்தது. டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். அகத்தா அசையவில்லை.

"இன்னொண்ணு சார்," என்றார் டீச்சர். அவர் கண் சாரின் விரல் மேலேயே இருந்தது.

சார் தொப்பியைச் சரிசெய்தார். கையைத் தூக்கினார். பிடியின் வெளிர்ப்பக்கம் அகத்தா இருந்த பக்கம் திரும்பியிருந்தது. மேலே மேகம்.

"கெ காரிசான்."

"செடியா."

வெடிக்கவில்லை. சாரின் கை நடுங்கவில்லை. அவர் காத்திருந்தார். டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அகத்தாவின் வலது குதிகால் சிலிப்பரை விட்டு மெல்ல எழுந்து, அந்தரத்தில் நின்றது.

வெடித்தது.

புகை கலைந்தபோது சிலிப்பர் ஒன்று ஈரச் சிமெண்டில் தனியாகக் கிடந்தது. அகத்தா ஓர் எட்டு முன்னால், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தாள்.